ஒரு லீற்றருக்கு எத்தனை கோப்பை

சவூதி
20.02.1981

அன்பு மனைவி சுபைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். கல்முனையில் நீயும் உன் தங்கை நதீராவும் மாமா வீட்டாரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிரிக்காதே. என்னை இங்கே எடுத்தது டிரைவர் வேலைக்கு இல்லை, சமையல் வேலைக்கு. கொழும்பில் ஏஜென்சிக்காரர் கடைசி நாளில்தான் வாயைத் திறந்தார். "டிரைவர் விசா முடிஞ்சு காக்கா. குசினி விசா ஒண்டுதான் கிடக்கு. சமைப்பீங்களா?" என்று கேட்டார். பாஸ்போட்டைத் திருப்பித் தந்துவிடுவாரோ என்ற பயத்தில் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். சவளக்கடைக்கும் நாவிதன்வெளிக்கும் உழவு மெசின் ஓட்டித் திரிந்தவன், இப்போது அறுபத்து நான்கு பேருக்குச் சோறு ஆக்க வேண்டும்.

இது பாலைவனத்துக்குள் றோட்டுப் போடுகிற முகாம். மேலாளர் லெபனான்காரர். எனக்கு உதவிக்கு ஒருவன்தான், சாய்ந்தமருதுப் பளீல். வெங்காயம் உரிப்பான், அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. முந்தின சமையல்காரன் போகும்போது ஒரு குறிப்பும் வைக்காமல் போய்விட்டான்.

பெரிய தொல்லை அளவுதான். தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. எண்ணெய், பால், எல்லாம் ஸ்டோரில். நாளைக்கு எத்தனை லீற்றர், எத்தனை மில்லி என்று இன்றைக்கே துண்டு எழுதிக் கொடுத்தால்தான் ஸ்டோர்க்கார மலையாளி தருவான். குசினியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கும் இருக்கிறது. நீ கோப்பையால் ஊற்றுவாய். அதை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு லீற்றருக்கு உன் கோப்பையில் எத்தனை? சோற்றுக்கு எத்தனை கோப்பை தண்ணீர்? விபரமாக உடனே எழுது. மூன்று மாதம் சோதனை, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அச்சிமுகம்மது


கல்முனை
18.03.1981

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து எல்லோருக்கும் நிம்மதி. இங்கு யாவரும் நலம்.

சிரிக்காதே என்று எழுதினீர்கள். சிரித்தேன். நதீராவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். மறுகா எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருசம் என் கையால் சாப்பிட்டவர், ஒருநாள் அடுப்படிக்கு வந்து "இதுக்கு எத்தின கோப்ப தண்ணி புள்ள?" என்று கேட்டிருக்கிறீர்களா? ஆணத்தில் உப்புக் கூடினால் மட்டும் குரல் கேட்கும்.

நான் எந்த நாளும் அளந்ததில்லை. கை ஊற்றும், கண் பார்க்கும். உங்களுக்காக இப்போதுதான் அளந்தேன். நம் பூப்போட்ட தேத்தண்ணிக் கோப்பைதான் அளவு. கடையில் ஒரு கிலோ அரிசி நிறுத்து வாங்கி, முழுவதையும் ஆக்கிப் பார்த்தேன். கிலோவுக்குப் பன்னிரண்டு கோப்பை தண்ணீர், கஞ்சி வடிக்கத் தேவையில்லை. அவ்வளவு சோற்றை நாங்கள் இரண்டு பேர் என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பாத்தும்மாவுக்கு ஒரு சட்டி கொடுத்தனுப்பினேன். "என்ன புள்ள, என்ன விசேசம்?" என்று வேலியால் எட்டிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

லீற்றர் கோடு போட்ட பாத்திரம் நம் வீட்டில் இல்லை. எண்ணெய்ப் போத்தலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு போத்தலுக்குச் சரியாக ஐந்து கோப்பை. பருப்பு, மீன் ஆணம் எல்லாம் வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தாளிப்பதற்கு எண்ணெய் எவ்வளவு என்று நதீராவைக் கேட்டுத்தான் எழுதினேன். எண்ணெய் காயும் மணம் இப்போது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, அவள்தான் இங்கே நின்று தாளித்துத் தருகிறாள்.

குசினிக் கூரையில் தென்னங்கிடுகு உக்கிப்போய்விட்டது. யாருக்காவது சொல்லிவிட்டுப் போனீர்களா, நான் ஆள் பிடிக்கவா? அங்கே இராத்திரிக் குளிராமே, போர்த்திக்கொள்ள என்ன தந்தார்கள்? இதற்கும் பதில் எழுதுங்கள்.

துஆவுடன்
சுபைறா


சவூதி
10.04.1981

சுபைறாவுக்கு,

ஸலாம். நான் சுகம் என்று எழுதப் பழகிவிட்டேன், ஆனால் சுகமில்லை.

உன் கணக்கு என்னைக் கொன்றுவிட்டது. ஒரு போத்தலுக்கு ஐந்து கோப்பை என்றாய். சரி, லீற்றருக்கு ஐந்து கோப்பை என்று வைத்து, பன்னிரண்டு கிலோ அரிசிக்கு இருபத்தொன்பது லீற்றர் தண்ணீர் ஊற்றினேன். அது சோறாக வரவில்லை. சுவருக்குப் பூசலாம் போல் வந்தது. மத்தியானம் ஒருவன் எல்லோருக்கும் முன்னால் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு பருக்கை கீழே விழவில்லை. அறுபது பேர் சிரித்தார்கள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலாளர் விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

ஸ்டோர்க்காரன் என் துண்டைப் பார்த்துவிட்டு, "எடோ, போத்தல் வேறே, லீற்றர் வேறே" என்று சொன்னான். அவனிடம் ஓர் இங்கிலீஷ் தாள் இருக்கிறது. அதில் ஒரு கோப்பை என்றால் இருநூற்று நாற்பது மில்லி என்று போட்டிருக்கிறதாம். "உன் வீட்டுக் கோப்பை எத்தனை?" என்று கேட்கிறான். பளீலைக் கேட்டால் அவர்கள் வீட்டுக் கோப்பை பெரியது என்கிறான்.

போத்தல் கதை வேண்டாம். மில்லியில் சொல்லு. ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றுகிற கோப்பையில் கோடு இருக்குமே, அப்படி எதிலாவது அளந்து எழுது. நோன்பும் வரப்போகிறது, கஞ்சிக்கும் விபரம் வேண்டும். நான் திருப்பி அனுப்பப்பட்டால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது?

அச்சிமுகம்மது


கல்முனை
22.05.1981

மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். உங்கள் சுகத்துக்கு ஐவேளையும் துஆக் கேட்கிறேன், கோபத்தோடுதான் கேட்கிறேன்.

நான் போத்தல் என்று எழுதினேன். அதை லீற்றர் ஆக்கியது யார்? சோறு குழைந்தால் என் கணக்கு, நன்றாக வந்தால் உங்கள் கையா?

சங்கக்கடையில் போய் நின்று கேட்டேன். "ஒரு போத்தல் எண்டா முக்கால் லீற்றர் ராத்தா" என்று அங்கே நிற்கிற மசூர் சொன்னான். பக்கத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்ற ஒருவர், "இல்ல, இருவத்தாறு அவுன்ஸ்" என்றார். இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பிடித்துக்கொண்டார்கள். முக்கால் லீற்றர் சரி என்றால் எழுநூற்றைம்பது மில்லி. அதை ஐந்தால் பிரித்தால் நம் கோப்பை நூற்றைம்பது.

ஆனாலும் உங்களுக்கு மருந்துக் கோப்பைதானே வேண்டும். புதன்கிழமை கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே மருந்து கொடுக்கிறவரைக் கெஞ்சி, பத்து மில்லிக் கோப்பை ஒன்றை ஒருநாளைக்கு வாங்கி வந்தேன். நிலத்தில் வைத்து ஊற்ற வேண்டும், எனக்கு இப்போது குந்தியிருக்க ஏலாது. நதீரா ஊற்ற நான் கதிரையிலிருந்து எண்ணினேன். பதினான்கரை தரம். நூற்று நாற்பத்தைந்து. அவள் இரண்டு தரம் சிந்தினாள். ஆகவே நூற்று நாற்பத்தைந்துக்கும் நூற்றைம்பதுக்கும் நடுவில் எங்கேயோ. இதற்கு மேல் என்னால் முடியாது.

நோன்புக் கஞ்சிக்கு, ஒரு கிலோ அரிசிக்கு முப்பத்தைந்து கோப்பை தண்ணீர், அதற்கு மேல் எட்டுக் கோப்பை தேங்காய்ப்பால். பால் விட்டபின் கொதிக்க விடாதீர்கள், திரைந்துபோகும். உள்ளியும் இஞ்சியும் கஞ்சியிலேயே அவியட்டும். நெய் சூடாக்கி றம்பை இலை, வெங்காயம் தாளித்துக் கடைசியில் கொட்டுங்கள்.

கூரைக்குப் பதில் வரும் வரும் என்று இருந்தேன். மழைக்கு முந்தியே றஸாக்கைக் கூப்பிட்டுக் கிடுகு மாற்றிவிட்டேன். குளிருக்குப் போர்வை கிடைத்ததா என்று இன்னும் எனக்குத் தெரியாது. என் சுகத்தை நீங்கள் கேட்காததால் எழுதவில்லை.

சுபைறா


சவூதி
12.08.1981

அன்பு சுபைறாவுக்கு,

ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். இங்கு சுகம், அங்கும் அப்படியே இருக்கட்டும்.

நோன்பு முழுவதும் பேனை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அஸருக்கு முன் அடுப்பு மூட்டினால் இஷா வரை நிற்கிற வேலை. உன் கஞ்சி சரியாக வந்தது. நூற்றைம்பது என்று வைத்து ஊற்றினேன். முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் இரண்டாம் தரமும் வந்தார்கள். தட்டைக் கவிழ்த்தவனும் வந்தான். மேலாளர் ஒரு கோப்பை குடித்துவிட்டு "குட்" என்றார். ஆனாலும் வேலையை உறுதியாக்கவில்லை, சோதனையை நீட்டி வைத்திருக்கிறார்.

இப்போது பெரிய காரியம் ஒன்று. ஹஜ்ஜுப் பெருநாளன்று கம்பனிப் பெரியவர்கள் முகாமில் சாப்பிட வருகிறார்களாம். இலங்கை வட்டிலப்பம் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் செய் என்கிறார் மேலாளர். பளீல் போய் வாயைத் திறந்திருக்கிறான். அது நன்றாக வந்தால் அன்றைக்கே கடதாசியில் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

எத்தனை முட்டைக்கு எத்தனை மில்லி பால், சீனி எவ்வளவு? அதோடு உன் கோப்பை நூற்றைம்பதா, நூற்று நாற்பத்தைந்தா? கஞ்சியில் ஐந்து மில்லி கூடினால் தெரியாது. வட்டிலப்பத்தில் பால் கூடினால் இறுகாது என்று நீயே ஒருமுறை சத்தம் போட்டிருக்கிறாய். சரியான கோட்டில் அளந்து, இந்தக் கடிதம் கண்ட அன்றே பதில் போடு. பெருநாளுக்கு இரண்டு மாதமும் இல்லை.

கூரை வேலை முடிந்தது நல்லது.

அச்சிமுகம்மது


கல்முனை
22.09.1981

மதிப்புக்குரிய மச்சானுக்கு நதீரா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கும் துஆ.

ராத்தாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தநாள் வீட்டுக்கு வந்துவிட்டா. பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்னா. உங்கள் கடிதம் கிடைத்தது, அதைத் தலையணைக்குக் கீழ் வைத்திருக்கிறா. எனக்கு வட்டிலப்பம் செய்யத் தெரியாது. ராத்தாவிடம் கேட்டேன், "எழும்பினாப் பிறகு நானே எழுதுவன்" என்றா.

நான் வேறு எதுவும் எழுதக் கூடாது என்று ராத்தா சொல்லியிருக்கிறா. ஆகவே முடிக்கிறேன்.

நதீரா


சவூதி
12.10.1981

சுபைறாவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இரண்டு மாதம். ஒரு வரி இல்லை. ஒவ்வொரு தபால் நாளும் ஸ்டோர் வாசலில் போய் நின்றேன். பளீலுக்கு மூன்று கடிதம் வந்தது. கடைசியில் அந்த மலையாளி என்னைத் தூரத்தில் கண்டாலே கையை விரிக்கத் தொடங்கிவிட்டான்.

பெருநாளுக்கு முதல் நாள் வேறு வழியில்லாமல் கண்மதிப்பில் செய்தேன். எழுபது முட்டை. அந்த இங்கிலீஷ் தாளில் உள்ள கோப்பையை நம்பிப் பால் விட்டேன். மணித்தியாலக் கணக்கில் ஆவியில் வைத்தும் நடுவில் இறுகவில்லை. பெரியவர்கள் முன்னால் மேலாளர் கரண்டியை விட்டார், அது தண்ணீராய் ஓடியது. ஒருவர் சூப் என்று நினைத்துக் குடித்தார். மேலாளரின் முகத்தை நான் உனக்கு எழுத்தில் காட்ட முடியாது. நவம்பர் கடைசிவரை தவணை, அதற்குப் பிறகு டிக்கட் என்று சொல்லிவிட்டார்.

நாலு வரி எழுத என்ன கஷ்டம்? நான்கூட இல்லாத வீட்டில், பகல் முழுக்க உனக்கு அப்படி என்னதான் வேலை? நான் இங்கே அடுப்பில் வேகிறேன், நீ அங்கே பாயில் இருந்துகொண்டு ஒரு கோப்பையை அளக்க மாட்டேன் என்கிறாய்.

அச்சிமுகம்மது


கல்முனை
02.11.1981

மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். உங்கள் கடிதம் முந்தநாள் கிடைத்தது. அதை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டாமல் நான் மட்டும் வாசித்தேன்.

நான் சுகமில்லாமல் இருந்தேன். இப்போது பரவாயில்லை. வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது.

வட்டிலப்பம். பத்து முட்டைக்குக் கருப்பட்டி அரைக் கிலோ, கட்டித் தேங்காய்ப்பால் இரண்டு கோப்பை. எழுபது முட்டைக்குப் பதினான்கு கோப்பை. அது உங்கள் கணக்கில் இரண்டு லீற்றரும் நூறு மில்லியும். கருப்பட்டி கரைக்கத் தண்ணீர் விடாதீர்கள், பாலிலேயே கரையும். வடித்துவிட்டு ஏலம் போடுங்கள். மேலே துணி கட்டி மூடி, ஆவியில் வையுங்கள், மூடியில் வேர்க்கிற தண்ணீர் உள்ளே விழக் கூடாது.

கோப்பை. நேற்று சூப்பிப் போத்தலில் ஊற்றிப் பார்த்தேன். அதில் மில்லிக் கோடு அச்சடித்திருக்கிறது. நம் பூப்போட்ட கோப்பை நூற்றைம்பதுக் கோட்டில் சரியாக வந்து நின்றது. மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் அதே கோடு. ஆகவே முந்நூறு மில்லி என்றால் இரண்டு கோப்பை. அரை லீற்றர் மூன்று கோப்பையும் ஒரு கோப்பையில் மூன்றிலொரு பங்கும். முக்கால் லீற்றர் ஐந்து. ஒரு லீற்றருக்கு ஆறு கோப்பை, ஏழாவது கோப்பையில் மூன்றிலிரண்டு பங்கு. இனிமேல் ஸ்டோர்க்காரர் தாளைப் பார்க்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

சுபைறா


சவூதி
24.11.1981

அன்பு மனைவி சுபைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நான் நல்ல சுகம், நீயும் சுகமென்று நம்புகிறேன். நதீராவின் துண்டு பெருநாளுக்குப் பிறகுதான் கிடைத்தது. காய்ச்சல் எல்லாம் இப்போது போயிருக்கும்.

சுபைறா, வட்டிலப்பம் இறுகிவிட்டது! வெட்டினால் வெட்டிய இடத்தில் நின்றது. மேலாளர் இரண்டு துண்டு சாப்பிட்டார், ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி அறைக்குக் கொண்டுபோனார். நேற்றுக் கூப்பிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். இரண்டு வருசம். பாஸ்போட்டையும் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது இங்கே வழக்கம்.

இரண்டு தரம் வாசி என்று எழுதியிருந்தாய். நான் மூன்று தரம் வாசித்தேன். உன் அளவெல்லாம் எனக்குப் பாடம். கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே.

அடுத்த கடிதத்தில் பாலாணத்துக்கும் இறைச்சிக்கும் அளவு எழுது. இரண்டு வருசம் இருக்கிறதே, ஆறுதலாக எழுதலாம்.

அன்புடன்
அச்சிமுகம்மது


சவூதி
01.12.1981

சுபைறா,

ஸலாம் சொல்லி என்ன கேட்பது என்று தெரியவில்லை.

இன்று காலையில் உன் அளவுகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டலாம் என்று உன் கடிதத்தைப் பளீலிடம் கொடுத்தேன். அவன் சத்தமாக வாசித்து வாசித்து எழுதினான். நடுவில் நின்றான்.

"காக்கா, இந்தப் போத்தல் ஆருட?"

"எந்தப் போத்தல்?"

"சூப்பிப் போத்தல் எண்டு கிடக்கு. உங்கட ஊட்ட சின்னப் புள்ள இருக்கா?"

"இல்ல" என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. தாளைப் பறித்தேன். அந்த வரியை நான் மூன்று தரம் வாசித்திருக்கிறேன் சுபைறா. மூன்று தரமும் நூற்றைம்பதைத்தான் கண்டேன்.

மெத்தைக்குக் கீழ் கிடந்த உன் கடிதங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். எண்ணெய் மணம். கிளினிக். குந்த ஏலாது. நதீரா எழுதிய துண்டு. அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் சோறு பிடித்துக் கருகிய மணம் வந்தது. பளீல்தான் ஓடிப்போய் இறக்கினான். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தான்.

நாம் முன்பு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். பிள்ளை இருக்கிறதா? இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். இருந்தால், ஆணா, பெண்ணா? எப்போது பிறந்தது? காதில் பாங்கு சொன்னது யார்? பெயர் வைத்தாயா? ஏன் தாய்ப்பால் இல்லாமல் போத்தல்? உனக்கு என்ன காய்ச்சல்? என்னிடம் ஏன் மறைத்தாய்?

மத்தியானம் மேலாளரிடம் போனேன். ஸ்டோர்க்காரன் மொழிபெயர்த்தான். ஊருக்குப் போக வேண்டும், மனைவிக்குப் பிள்ளை என்றேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்து என் கையெழுத்தில் விரலை வைத்தார். ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் தானே விமானம் ஏற்றி விட்டிருப்பாராம். இப்போது என்னைப் போல் சமைக்க ஆள் இல்லையாம். இரண்டு வருசம் முடியட்டும் என்று தோளில் தட்டினார். தட்டிய கையை உதறிவிட்டு வந்தேன். உன் அளவு கொஞ்சம் பிழைத்திருந்தால் நான் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன்.

நகரத்துக்குப் போகிற லொறிக்காரரிடம் தந்தி அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடித்தாரா தெரியாது. நீ எழுது. என்னை ஏச வேண்டுமானால் ஏசி எழுது.

அச்சிமுகம்மது


கல்முனை
22.12.1981

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம் வரஹ்மத்துல்லாஹ். உங்கள் தந்தி வந்த அன்றே நதீரா தபால் கந்தோருக்கு ஓடிப்போய் "பிள்ளை சுகம்" என்று பதில் அடித்தாள். கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் இந்த வரியை முதலில் வாசியுங்கள்: பிள்ளை சுகம். நானும் சுகம்.

பெண் பிள்ளை. செப்டம்பர் பதினான்காம் திகதி, சுபஹுக்குப் பிறகு பிறந்தாள். என் வாப்பா வந்து காதில் பாங்கு சொன்னார். ஏழாம் நாள் றுகையா என்று பெயர் வைத்தோம். எனக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது, பால் வற்றிப்போயிற்று. டொக்டர் பால்மா கொடுக்கச் சொன்னார். கொதித்தாறின தண்ணீரைக் கோடு பார்த்து விட வேண்டும், கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை என்று மருத்துவமாது சல்மா உம்மா வந்து வந்து சொன்னா. விளக்குப் பக்கத்தில் போத்தலைப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக் கோடு பார்ப்பேன். மில்லி, மில்லி என்று நீங்கள் ஏன் அடித்துக்கொண்டீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது ஒரு நேரத்துக்கு நூற்றிருபது குடிக்கிறாள். குடித்துவிட்டு எனக்கு நன்றி இல்லாமல் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டீர்கள். முதல் பிள்ளை அழவே இல்லை. இரண்டாவது பிள்ளை பதினொரு நாள் இருந்தாள். அவளை நீங்கள் இரண்டு கையிலும் ஏந்தி மையவாடிக்குக் கொண்டுபோனீர்கள். வந்து கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு, "இன்னொரு தரம் என்னால ஏலா சுபைறா" என்று சொன்னீர்கள். நாலு வருசம் அந்தக் கதை நம் வீட்டில் எழும்பவில்லை. மார்ச் மாதம் எனக்கு விளங்கியபோது நீங்கள் கடல் தாண்டிவிட்டீர்கள். எழுதினால் அங்கே இருந்து ஒவ்வொரு நாளும் அந்த மையவாடியைத்தான் நினைத்திருப்பீர்கள். நாற்பது நாள் கழியட்டும், கழிந்தால் எழுதுவோம் என்று இருந்தேன். ஒரு பயம் போதும், இரண்டு பேருக்கும் எதற்கு என்று நினைத்தேன்.

அது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் கிடக்கும். நீங்கள் கேட்பீர்கள் என்று பார்த்திருந்தேன். ஒரு தரம், "உனக்கு என்ன புள்ள செய்யுது?" என்று கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் நதீரா கொண்டுவந்து தரும்போது, இதில் கேட்டிருப்பார் என்று உடைப்பேன். எத்தனை கோப்பை என்று கேட்டிருப்பீர்கள். நாற்பது கழிந்த பிறகு சூப்பிப் போத்தலை வேண்டுமென்றுதான் எழுதினேன். அதுவும் உங்கள் கண்ணில் படவில்லை. "அளவெல்லாம் பாடம்" என்று பதில் வந்த அன்று நான் சோறு ஆக்கவில்லை. நதீரா கடையில் பாண் வாங்கி வந்தாள்.

இரண்டு வருசம் என்றால் நீங்கள் வரும்போது அவள் நடப்பாள். உங்களைக் கண்டு அழுவாள், என் சீலைக்குப் பின்னால் ஒளிவாள். அதை நினைத்தால் உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது, பிறகு என் மேல் வருகிறது, பிறகு யார் மேல் என்று தெரியவில்லை. அழுதால் நான் என்ன செய்வது என்று கேட்டு எழுதாதீர்கள். அது எனக்கும் தெரியாது.

முகம் யாருடையது என்று கேட்பீர்கள். நெற்றி உங்களுடையது, கோபம் வரும்போது சுருங்குகிற மாதிரியும் உங்களுடையதுதான். அடுத்த கிழமை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்று. பிறக்க முதல் நான் ஒரு துணியும் தைக்கவில்லை. போன தரம் பத்துச் சட்டை தைத்து வைத்திருந்து, அதை மடித்து யாருக்கோ கொடுத்தது ஞாபகம். இந்தத் தரம் கத்தரிக்கோலைத் தொடப் பயந்தேன். மூன்று மாதமாக அவளை என் பழைய சீலைத் துண்டுகளில்தான் சுற்றி வைத்திருந்தேன். பாத்தும்மா வேலியால் பார்த்து, "ஒரு சட்ட தைச்சுப் போடன் புள்ள, குளிர்" என்று ஒவ்வொரு நாளும் சொல்வாள், நாளைக்கு நாளைக்கு என்பேன். உங்கள் தந்தி வந்த மறுநாள் மஞ்சள் பூப்போட்ட துணி அரை மீற்றர் வாங்கி, வெட்டி, கையாலேயே தைத்தேன். கழுத்துக் கொஞ்சம் பெரிதாய்ப் போய்விட்டது, தோளால் வழிகிறது. பிரிக்கச் சொல்லி நதீரா சொன்னாள். நான் பிரிக்கவில்லை. பரவாயில்லை, வளருவாள்.

உங்கள்
சுபைறா